வீட்ல என்னெல்லாம் எரியுது? – நாயும் புகையும்

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிஞ்ச அளவு அப்படியே விட்டிருக்கோம். திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் வெட்டிச் சுருக்கியிருக்கோம். இது பொதுவான தகவல்தான், உங்க நாயை நேர்ல பார்த்த டாக்டர் சொல்றதுக்கு இது மாற்று கிடையாது.)

00:00 – ராத்திரி ரெண்டு மணி

இன்னைக்கு எபிசோடை ஒரு சத்தத்துல இருந்து ஆரம்பிக்கிறேன்.

போன ஜனவரி. ராத்திரி ரெண்டு மணி இருக்கும். கட்டிலுக்குக் கீழ இருந்து வாத்து கத்துற மாதிரி ஒரு சத்தம். "ஹாங்க்... ஹாங்க்..."னு. லைட்டைப் போட்டுப் பார்த்தா எங்க வீட்டு ஜூலி. ஒன்பது வயசு பொமரேனியன். கழுத்தை நீட்டி, முன்னங்காலை அகட்டி வெச்சுக்கிட்டு இருமிட்டு இருந்தா. கடைசியில கொஞ்சம் வெள்ளை நுரையைக் கக்கினா.

வீட்ல எல்லாருக்கும் ஒரே முடிவுதான்: "எலும்பு மாட்டிக்கிச்சு." அம்மா முதுகைத் தட்டுறாங்க. நான் வாயைத் திறந்து உள்ள டார்ச் அடிக்கிறேன். ஒண்ணும் இல்ல. ரெண்டு நிமிஷத்துல அதுவாவே நின்னுடுச்சு. மறுநாள் காலையில திரும்ப வந்துச்சு.

டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனோம். நான் எடுத்த வீடியோவைப் பார்த்தாங்க, நெஞ்சுல ஸ்டெத் வெச்சுக் கேட்டாங்க, எக்ஸ்ரே எழுதினாங்க. அப்புறம் ஒரு கேள்வி கேட்டாங்க. "என்ன சாப்பிட்டா?"னு கேப்பாங்கன்னு நான் ரெடியா இருந்தேன். அவங்க கேட்டது வேற.

"உங்க வீட்ல என்னெல்லாம் எரியுதுப்பா?"

நான் எண்ண ஆரம்பிச்சேன். காலையில பூஜைக்கு ஊதுபத்தி. வெள்ளிக்கிழமைன்னா கம்ப்யூட்டர் சாம்பிராணி. சாயங்காலம் ஆறு மணிக்குக் கொசுவத்தி. அதை வைக்கிற இடம் கட்டிலுக்குக் கீழ, அதாவது ஜூலி தூங்குற இடத்துக்கு ரெண்டு அடி தள்ளி. பால்கனியில அப்பாவோட சிகரெட். அவர் நாற்காலிக்கு அடியிலதான் ஜூலிக்குச் சாயங்கால டூட்டி. இது எல்லாத்துக்கும் மேல அந்த வாரம்தான் போகி வந்துட்டுப் போயிருந்துச்சு.

சொல்லி முடிக்கும்போது எனக்கே கொஞ்சம் வெக்கமா இருந்துச்சு. "நாய்க்குச் சாக்லேட் குடுக்கக் கூடாது, திராட்சை குடுக்கக் கூடாது"ன்னு ஊருக்கே பாடம் எடுக்குற ஆள் நான். காத்தைப் பத்தி ஒரு நாள்கூட யோசிச்சதில்ல.

அதனால இன்னைக்கு அதைத்தான் பேசப்போறோம். புகை ஒரு நாயோட உடம்புக்குள்ள போனா என்ன ஆகுது? நம்ம வீட்ல இருக்கிற புகை எவ்வளவு? நாம என்ன பண்ண முடியும்?

02:40 – மூக்குன்னு ஒரு ஃபில்டர்

முதல்ல மூக்கு. நாயோட மோப்ப சக்தி பத்தி எல்லாரும் பேசுவோம். ஆனா அந்த மூக்குக்கு இன்னொரு வேலையும் இருக்கு. அது ஒரு ஏர் ஃபில்டர்.

நீளமான நாய் மூக்கைக் குறுக்கா வெட்டிப் பார்த்தா, உள்ள சுருள் சுருளா மெல்லிய எலும்புத் தகடுகள் இருக்கும். அதுக்கு மேல ஈரமான சவ்வு. உள்ள வர்ற காத்து இந்தச் சுருள்கள்ல வளைஞ்சு வளைஞ்சு போகும்போது சூடாகும், ஈரமாகும், அதுல இருக்கிற தூசு சவ்வுல ஒட்டிக்கும். அதுக்கும் கீழ மூச்சுக்குழாய்ல சளிப் படலமும், அதைத் துடைப்பம் மாதிரி மேல தள்ளிக்கிட்டே இருக்கிற நுண்ணிய மயிரிழைகளும் இருக்கு. நமக்கும் இதே ஏற்பாடுதான்.

பிரச்சினை என்னன்னா, புகைங்கிறது வெறும் தூசு இல்ல. எரிஞ்சு வர்ற துகள்கள்ல பெரும்பகுதி 2.5 மைக்ரோமீட்டரைவிடச் சின்னது. நம்ம தலைமுடியோட தடிமன் சுமார் 70 மைக்ரோமீட்டர்னு வெச்சுக்கிட்டா, அதுல கிட்டத்தட்ட முப்பதுல ஒரு பங்கு. செய்தியில பி.எம். 2.5னு சொல்றாங்களே, அது இதுதான். இது மூக்கையும் தாண்டும், மூச்சுக்குழாயையும் தாண்டும். நுரையீரலோட கடைசியில, ரத்தத்துக்கு ஆக்சிஜன் மாறுற காத்துப் பைகள் வரைக்கும் போய் உக்காந்துடும். போற வழியில அந்த மயிரிழைகளையும் மந்தமாக்கும். துடைப்பம் வேலை செய்யலன்னா சளி தேங்கும். சளி தேங்குனா இருமல் வரும், கிருமிக்கும் வசதியாப் போயிடும்.

இன்னொரு விஷயம். நாய்க்கு நம்மள மாதிரி உடம்பு பூரா வியர்க்காது. பாதத்துல கொஞ்சம் வியர்க்கும், அவ்வளவுதான். சூட்டை வெளியேத்த அது நாக்கைத் தொங்கப்போட்டு வேக வேகமா இளைக்கும். அப்படி இளைக்கும்போது காத்து நிறைய வாய் வழியாவும் போய் வரும். அதாவது, மூக்கு ஃபில்டருக்கு அங்க வேலை குறைஞ்சிடுது. சென்னை வெயில்ல ஓடிட்டு வர்ற நாய், பக்கத்துல குப்பை எரிஞ்சா, அந்தப் புகையை எவ்வளவு வேகமா உள்ள இழுக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

05:10 – நீள மூக்குக்கு ஒரு விலை, குட்டை மூக்குக்கு வேற விலை

இதைப் பத்தி ஒரு சுவாரஸ்யமான ஆராய்ச்சி இருக்கு. அமெரிக்காவுல கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்துல ஜான் ரைஃப்னு ஒரு ஆய்வாளர். அவரோட குழு 1990கள்ல, சிகரெட் பிடிக்கிறவங்க வீட்ல வளர்ற நாய்களுக்கும் புற்றுநோய்க்கும் தொடர்பு இருக்கான்னு பார்த்தாங்க.

1992ல நுரையீரல் புற்றுநோய் பத்தின ஆய்வு வந்துச்சு. அதுல தொடர்பு லேசாத்தான் தெரிஞ்சுது. ஆனா ஆபத்து கொஞ்சம் கூடத் தெரிஞ்சது குட்டை மூக்கும் நடுத்தர மூக்கும் உள்ள நாய்களுக்கு. 1998ல மூக்குப் புற்றுநோய் பத்தின ஆய்வு. எல்லா நாயையும் ஒண்ணா சேர்த்துப் பார்த்தப்ப பெருசா வித்தியாசம் இல்ல. நீள மூக்கு நாய்களை மட்டும் தனியாப் பிரிச்சப்ப, புகை உள்ள வீட்டு நாய்களுக்கு ஆபத்து கூடியிருந்துச்சு.

ஏன் இப்படி? நாம இப்போ பார்த்த ஃபில்டர் கதையை வெச்சு யோசிங்க. நீள மூக்கு நிறையப் புகையைத் தன்கிட்டயே பிடிச்சு வெச்சுக்குது. நுரையீரலைக் காப்பாத்துது, ஆனா அடியை மூக்கு வாங்குது. குட்டை மூக்குல பிடிச்சு வைக்க இடமே இல்ல, நேரா உள்ள போயிடுது. ஆய்வாளர்கள் முன்வைக்கிற விளக்கமும் இதுதான்.

இதைக் கேட்டுப் பயந்துடாதீங்க. நாய்களுக்கு நுரையீரல்லயே ஆரம்பிக்கிற புற்றுநோய் பொதுவாவே அபூர்வம். நம்ம வீட்டு நாய்க்குப் புகையால நாளைக்கே வரக்கூடிய தொல்லை புற்றுநோய் இல்ல. இருமலும் மூச்சுத் திணறலும்தான். ஆனா மூக்கோட வடிவம் விஷயத்தையே மாத்துதுங்கிறதை மட்டும் ஞாபகம் வெச்சுக்கங்க. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி வெச்சிருக்கிறவங்களுக்கு அது ஒரு கதை. பக் வெச்சிருக்கிறவங்களுக்கு வேற கதை.

07:30 – ஒரு கொசுவத்தி எத்தனை சிகரெட்?

சரி, நம்ம வீட்டுக்கு வருவோம். இந்த எபிசோடுக்காகப் படிச்சதுல என்னைத் தூக்கிப் போட்ட ஒரு கணக்கு இது.

2003ல கொசுவத்தியை எரிச்சு, அதோட புகையை அளந்து பார்த்த ஒரு ஆய்வு வந்துச்சு. சீனாவுலயும் மலேசியாவுலயும் விக்கிற பிராண்டுகளை எடுத்து எரிச்சுப் பார்த்தாங்க. ஒரு சுருள் முழுசா எரிஞ்சு முடிக்கும்போது வெளிய வர்ற நுண்துகளோட எடை, 75ல இருந்து 137 சிகரெட் எரிச்சா வர்ற அளவு. கண்ணையும் தொண்டையையும் எரிக்கிற ஃபார்மால்டிஹைடு அதிகபட்சமா 51 சிகரெட் அளவு.

இதைச் சரியாப் புரிஞ்சுக்கணும். "கொசுவத்தி ஏத்துனா நாய் நூறு சிகரெட் பிடிச்ச மாதிரி"ன்னு வாட்ஸ்அப்ல ஃபார்வர்ட் பண்ணிடாதீங்க. கொசுவத்தியில நிகோடின் கிடையாது. சுருள் பல மணி நேரமா மெதுவா எரியுது, அறை முழுக்கப் பரவுது. ஜன்னல் திறந்திருக்கா, மூடியிருக்காங்கிறதைப் பொறுத்து எல்லாம் மாறும். பிராண்டுக்குப் பிராண்டும் மாறும். ஆனா "அது சும்மா கொசுவத்திதானே"ன்னு நாம நினைக்கிறது தப்புன்னு மட்டும் இந்த எண் தெளிவாச் சொல்லுது.

இப்போ நாயோட இடத்துல இருந்து பாருங்க. நீங்க ஆபீஸ் போறீங்க, காலேஜ் போறீங்க. அது நாள் முழுக்க வீட்லயே இருக்கு. கொசுவத்தி தரையில, அது தூங்குறதும் தரையில. ராத்திரி ஏசி போட்டு ஜன்னலை மூடிடுறோம். அப்புறம் அதோட ரோமம் இருக்கே, அது ஒரு கம்பளி மாதிரி. சிகரெட் புகையோட கரி, எண்ணெய்ப் பசை எல்லாம் ரோமத்துல, சோஃபாவுல, மிதியடியில படியும். அப்பா சிகரெட்டை அணைச்ச பிறகும் அது அங்கதான் இருக்கும். நாய் உக்காந்து தன்னை நக்கும்போது அது வயித்துக்குள்ளயும் போகுது. நாம மூச்சு வழியா மட்டும் வாங்குறதை அது ரெண்டு வழியா வாங்குது.

ஒரு கிளைச் செய்தி: சிகரெட் துண்டைக் கீழ போடாதீங்க. துண்டுலயும் நிகோடின் இருக்கு. குட்டி நாய் அதை மென்னு முழுங்கினா வாந்தி, நடுக்கம், வலிப்பு வரைக்கும் போகலாம்.

10:15 – வெளிய எரியுறது

வீட்டுக்குள்ள எரியுறது நம்ம கையில இருக்கு. ஊர் எரிக்கிறது?

சென்னைக்காரங்களுக்கு 2018 போகி ஞாபகம் இருக்கலாம். காலையில ஏர்போர்ட்ல ரன்வே தெரியாத அளவுக்குப் புகைமூட்டம். விமானங்களை வேற ஊருக்குத் திருப்பி விட்டாங்க. ஏன் போகியன்னைக்கு மட்டும் இப்படி ஆகுதுன்னா, எரிக்கிற அளவு மட்டும் காரணம் இல்ல. ஜனவரி விடியற்காலையில தரையை ஒட்டின காத்து குளிர்ச்சியா இருக்கும், மேல இருக்கிற காத்து கொஞ்சம் வெதுவெதுப்பா இருக்கும். குளிர்ந்த காத்து மேல எழும்பாது. பானைக்கு மூடி போட்ட மாதிரி. காத்தும் வீசாது. எரிக்கிறது எல்லாம் அந்த மூடிக்குக் கீழயே நிக்கும். வெயில் ஏறித் தரை சூடானாத்தான் மூடி திறக்கும். பழைய பாயை எரிச்சாலே புகைதான். அதுல டயரும் பிளாஸ்டிக்கும் சேர்ந்தா கேக்கவே வேண்டாம். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஒவ்வொரு வருஷமும் "டயர் எரிக்காதீங்க"ன்னு கெஞ்சுறது இதுக்காகத்தான்.

அப்புறம் 2022 ஏப்ரல் கடைசி. பெருங்குடி குப்பைக் கிடங்கு தீப்பிடிச்சு, அணைக்கப் பல நாள் ஆச்சு. அந்தப் பக்கம் வீடு இருக்கிறவங்க கதவைச் சாத்திக்கிட்டு உள்ள இருந்தாங்க. கதவே இல்லாத நாய்கள் என்ன பண்ணியிருக்கும்னு இப்போதான் யோசிக்கிறேன். குப்பைமேட்டு ஓரத்துல படுத்திருக்கிற தெருநாய்க்கு இது ஒரு நாள் விஷயம் இல்ல, தினமும் நடக்கிறது.

நகரக் காத்து நாய்களை என்ன பண்ணும்னு ரொம்ப ஆழமாப் பார்த்த ஊர் மெக்சிகோ சிட்டி. மலைகள் சுத்தி நிக்கிற ஊர், மாசு உள்ளயே தங்கிடும். லிலியன் கால்டெரோன் கார்சிடுவேனாஸ்னு ஒரு ஆய்வாளரோட குழு, 2000த்தோட ஆரம்ப வருஷங்கள்ல அந்த ஊர் நாய்களோட மூக்கு, நுரையீரல், மூளைத் திசுக்களை, மாசு குறைஞ்ச ஊர் நாய்களோட திசுக்கள்கூட ஒப்பிட்டுப் பார்த்தாங்க. மெக்சிகோ சிட்டி நாய்கள்ல அழற்சியும் சேதமும் அதிகமா இருந்துச்சு. அவங்க நாயை எடுத்துக்கிட்டதுக்குக் காரணமே, நாய் நம்ம கூடவே அதே காத்துல வாழுதுங்கிறதுதான். நமக்கு வரப்போறதை முன்னாடியே காட்டுற காவல்காரன் மாதிரி.

13:00 – யாருக்கு ஆபத்து அதிகம்?

முதல் இடம் குட்டை மூக்குக்காரங்களுக்கு. பக், ஷீட்ஸூ, ஃபிரெஞ்ச் புல்டாக். ஹட்ச் விளம்பரம் வந்த பிறகு நம்ம ஊர்ல பக் எவ்வளவு பிரபலம் ஆச்சுன்னு உங்களுக்கே தெரியும். இவங்களுக்கு மூக்குத் துவாரம் சின்னது, உள்ள அண்ணத்தோட சதை நீளம். சும்மா இருக்கும்போதே மூச்சுக்குப் போராடுறவங்க. இதுல புகையால உள்ள லேசா வீங்கினாலே வழி அடைச்சுக்கும். "பக் குறட்டை விடுறது கியூட்"னு ரீல்ஸ் போடுறோம். அது பல நேரம் கியூட் இல்ல, அடைப்பு.

அடுத்தது பொமரேனியன் மாதிரி சின்ன நாய்கள். இவங்க மூச்சுக்குழாயைத் திறந்து வெச்சிருக்கிற குருத்தெலும்பு வளையங்கள் வயசாக ஆக தளர்ந்து போகலாம். குழாய் அப்பப்போ தட்டையாகும். அந்த நேரத்துல வர்றதுதான் வாத்து கத்துற மாதிரி இருமல். ஜூலிக்கும் அதுதான். புகை இந்தத் தளர்ச்சியை உண்டாக்கல. ஆனா தளர்ந்த குழாயைச் சீண்டிவிட்டுட்டே இருந்துச்சு. இருமினா குழாய் இன்னும் வீங்கும், வீங்கினா இன்னும் இருமும்.

அதுக்கு அப்புறம்: வயசான நாய்கள், குட்டிகள், இதய நோய் உள்ளவங்க, நாள்பட்ட மூச்சுக்குழாய் அழற்சி உள்ளவங்க, குண்டு நாய்கள். எடை ஒரு பெரிய காரணம். கழுத்துலயும் நெஞ்சுலயும் கொழுப்பு அழுத்துறப்ப மூச்சு விடவே கஷ்டம்.

15:00 – எப்படிக் கண்டுபிடிக்கிறது?

இதுக்கு ஒரு டூல் இருக்கு, ஓசி. உங்க ஃபோன்ல இருக்கிற ஸ்டாப்வாட்ச்.

நாய் நல்லாத் தூங்கும்போது அதோட நெஞ்சைப் பாருங்க. ஒரு தடவை ஏறி இறங்கினா ஒண்ணு. 30 வினாடி எண்ணி ரெண்டால பெருக்குங்க. கனவு கண்டு கால் உதைக்கும்போது எண்ணாதீங்க. பெரும்பாலான நாய்களுக்குத் தூக்கத்துல நிமிஷத்துக்கு 30க்குக் கீழ இருக்கணும். நாலஞ்சு நாள் எண்ணி உங்க நாயோட வழக்கமான எண்ணை எழுதி வெச்சுக்கங்க. அது தொடர்ந்து 30ஐத் தாண்டுதுன்னா, இருமல் இல்லாட்டியும் டாக்டரைக் கூப்பிடுங்க.

மத்த அறிகுறிகள்: ஓயாத இருமல், கண்ணுல நீர், மூக்கு ஒழுகல், வாக்கிங் பாதியில உக்காந்துக்கிறது, குரைக்கிற குரல் மாறுறது.

உடனே ஓட வேண்டிய அறிகுறிகள்: ஈறு நீலமா, சாம்பலா, இல்ல வெளிறிப் போறது. படுக்காம கழுத்தை நீட்டிக்கிட்டு, முழங்கையை விரிச்சுக்கிட்டு நிக்கிறது. வயிறு உள்ள இழுத்து இழுத்து மூச்சு விடுறது. மயங்கி விழுறது. இதுல எது வந்தாலும் "காலையில பார்த்துக்கலாம்" கிடையாது.

ஒரு எச்சரிக்கை. எல்லா இருமலும் புகையால இல்ல. நாய்க்கு நாய் தொத்துற கென்னல் காஃப் இருக்கு, இதய வால்வு நோய் இருக்கு, நுரையீரல் தொற்று இருக்கு. எல்லாத்துக்கும் இருமல்தான் முகம். அதனால நீங்களே முடிவு பண்ணாதீங்க. டாக்டர்கிட்ட போகும்போது இருமுற வீடியோ, தூக்கத்து மூச்சு எண்ணிக்கை, அப்புறம் "வீட்ல என்னெல்லாம் எரியுது" பட்டியல், இந்த மூணையும் கொண்டு போங்க.

17:10 – தீ விபத்துன்னா கதையே வேற

இதை வேகமா சொல்லிடறேன், ஆனா முக்கியம். வீட்ல தீப்பிடிச்சு நாய் புகையில மாட்டிக்கிச்சுன்னா, இல்ல மூடின இடத்துல ஜெனரேட்டர் ஓடுச்சுன்னா, அங்க துகள் மட்டும் இல்ல, கார்பன் மோனாக்சைடும் இருக்கு. ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல இறுக்கமா ரத்தத்துல ஒட்டிக்கிற வாயு அது. நாய் தள்ளாடும், மந்தமாகும். ஈறு நல்லா சிவப்பா இருக்கும், நாம "நல்லாத்தானே இருக்கு"ன்னு ஏமாந்துடுவோம். விரல்ல மாட்டுற ஆக்சிமீட்டர் மாதிரிக் கருவிகூட இதுல சரியான எண்ணைக் காட்டாது. சிகிச்சை ஆக்சிஜன்தான், அதுவும் சீக்கிரம். சோஃபா ஃபோமும் பிளாஸ்டிக்கும் எரிஞ்சா சயனைடும் வரும்.

நுரையீரல் பாதிப்பு ஒரு நாள், ரெண்டு நாள் கழிச்சும் மோசமாகலாம். அதனால "வெளிய வந்ததும் வாலாட்டுச்சு"ன்னு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடாதீங்க. ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டிடுங்க.

18:20 – நாம என்ன பண்ணலாம்?

எங்க வீட்ல பண்ணதையே வரிசையா சொல்றேன்.

ஒண்ணு, கொசு. கொசுவை விட்டுட முடியாது. நமக்கு டெங்கு, நாய்க்கும் கொசு மூலமா வர்ற புழு நோய்கள் இருக்கு. ஜன்னலுக்கு வலை அடிச்சோம், பூந்தொட்டித் தட்டுல நிக்கிற தண்ணியைக் கொட்டினோம், ஃபேனை வேகமா வெச்சோம். கொசுவத்தி முழுசா நின்னுடுச்சு. லிக்விட் மெஷின்ல புகை இல்லைங்கிறது உண்மை. ஆனா அதுலயும் பூச்சிமருந்து இருக்கு, ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைங்க. பூனையோ மீன்தொட்டியோ இருந்தா, அது தாங்காத மருந்தாக்கூட இருக்கலாம். முதல்ல டாக்டர்கிட்ட கேட்டுக்கங்க.

ரெண்டு, பூஜை. அம்மாகிட்ட "சாம்பிராணி போடாதீங்க"ன்னு சொன்னா சண்டைதான். அதனால அதைச் சொல்லல. ஜூலியை வேற ரூம்ல விட்டுட்டு, ஜன்னலைத் திறந்து வெச்சுப் போடுறோம். புகை அடங்கி அரை மணி நேரம் கழிச்சுத்தான் அவளுக்கு ஹாலுக்கு அனுமதி. மிளகாய் வதக்கும்போதும் இதே சட்டம். கிச்சன்ல எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடணும்.

மூணு, வாக்கிங். ஃபோன்ல ஏ.க்யூ.ஐ. பாருங்க. உலக சுகாதார நிறுவனம் 2021ல சொன்ன அளவு, பி.எம். 2.5 ஒரு நாள் சராசரி கனமீட்டருக்கு 15 மைக்ரோகிராம். இந்தியாவோட அளவுகோல் 60. இந்த ரெண்டுக்கும் நடுவுல எவ்வளவு இடைவெளி பாருங்க. ஆப் பச்சையில இல்லன்னா ஓட்டம், பந்து விளையாட்டு வேண்டாம். வெளிய போய் வேலையை முடிச்சுட்டு வந்துடுங்க. போகியன்னைக்கு விடியற்காலை வாக்கிங்கை ரத்து பண்ணிட்டு, வெயில் ஏறின பிறகு போங்க. தீபாவளிக்குத் தமிழ்நாட்டுல 2018ல இருந்து பட்டாசு நேரம் காலையில ஒரு மணி, ராத்திரி ஒரு மணின்னு அரசு அறிவிக்கிறாங்க. எல்லாரும் அதைக் கேக்குறாங்களாங்கிறது வேற விஷயம். ஆனா அந்த நேரத்துக்கு முன்னாடியே கூட்டிட்டுப் போயிட்டு வந்துடலாம்.

நாலு, கழுத்துப்பட்டைக்குப் பதிலா நெஞ்சுல மாட்டுற ஹார்னஸ். தளர்ந்த மூச்சுக்குழாயைக் கயிறு போட்டு இழுக்கக் கூடாதுல்ல?

அஞ்சு, வெளிய போய் வந்ததும் ஈரத் துணியால முகம், ரோமம், பாதத்தைத் துடைச்சு விடுங்க. நக்குறதுக்கு முன்னாடி. குடிக்கத் தண்ணி எப்பவும் இருக்கணும்.

ஆறு, ஏர் ப்யூரிஃபையர் வாங்குற வசதி இருந்தா ஹெப்பா ஃபில்டர் உள்ளதா வாங்குங்க. ஓசோன் விடுற மாடல் வேண்டாம், ஓசோனே மூச்சுக்குழாயை எரிக்கும். வாங்க முடியலன்னா பரவாயில்ல. எரிக்கிறதை நிறுத்துறதுதான் முதல் வைத்தியம், அதுக்குக் காசு கிடையாது.

20:40 – நீங்க அனுப்பின கேள்விகள்

*"நாய்க்கு மாஸ்க் போடலாமா?"*

வேண்டாம். அதோட முகத்துக்குச் சரியாப் பொருந்தாது, பொருந்தலன்னா வடிகட்டாது. அதைவிட முக்கியம், வாயை மூடினா அதால இளைக்க முடியாது. நம்ம ஊர் வெயில்ல சூடு ஏறி ஆபத்தாயிடும்.

*"இருமலுக்கு நம்ம சிரப்பைக் கொஞ்சமா குடுக்கலாமா?"*

வேவே வேண்டாம். நம்ம சிரப்புகள்ல பாராசிட்டமால் இருக்கலாம், நாய்க்கு விஷமான சைலிட்டால்ங்கிற இனிப்பு இருக்கலாம். இபுப்ரோஃபெனும் கூடாது. வீட்ல யாராவது ஆஸ்துமா இன்ஹேலர் வெச்சிருந்தா நாய்க்கு எட்டாத இடத்துல வைங்க. அதைக் கடிச்சுட்டா மொத்த மருந்தும் ஒரே நேரத்துல உள்ள போய், இதயம் கண்டபடி துடிக்கும். நாய்க்கும் இன்ஹேலர் சிகிச்சை உண்டு. ஆனா மருந்து, அளவு, அதுக்கான முகக்கூடு எல்லாம் டாக்டர்தான் சொல்லணும்.

*"எங்க நாய் மூக்கால உள்ள இழுத்து இழுத்து ஒரு மாதிரி சத்தம் போடுது. ஒரு நிமிஷத்துல சரியாகிடுது. இதுவும் இருமலா?"*

அது பெரும்பாலும் தலைகீழ் தும்மல். காத்தை வெளிய தள்ளுறதுக்குப் பதிலா உள்ள இழுக்கும். எப்பவாவது வந்தா பயமில்ல. ஊதுபத்தியோ சென்ட்டோ கிளப்பிவிடலாம். அடிக்கடி வந்தா, இல்ல மூக்குல ரத்தம் வந்தா, காட்டிடுங்க. வீடியோ எடுக்க மறக்காதீங்க.

22:30 – பால்கனி

கடைசியா, நான் தள்ளிப்போட்டுட்டே வந்த விஷயம். அப்பா.

முப்பது வருஷமா சிகரெட் பிடிக்கிறவர். அம்மா சொல்லிக் கேக்கல, நான் சொல்லிக் கேக்கல. ஜூலிக்காகச் சொன்னப்பகூட முதல்ல சிரிச்சார். "நாய்க்குமா?"ன்னார். நான் ஒண்ணும் வாதாடல. ஃபிரிட்ஜ்ல ஒரு பேப்பர் ஒட்டி, தினமும் ராத்திரி ஜூலியோட மூச்சை எண்ணி எழுதுங்கன்னு அவர்கிட்ட குடுத்தேன். அவருக்குத் தூக்கம் வர லேட்டாகும், அதனால வேலை அவருக்கு.

முதல் வாரம் 34, 36, 33ன்னு இருந்துச்சு. மருந்து ஆரம்பிச்சு, கொசுவத்தி நின்னு, அவரும் சிகரெட்டோட தெருமுனை வரைக்கும் நடக்க ஆரம்பிச்ச பிறகு மெல்ல இறங்குச்சு. இதுல எது எவ்வளவு வேலை செஞ்சுதுன்னு பிரிச்சுச் சொல்ல முடியாது. டாக்டரும் அப்படித்தான் சொன்னாங்க. இப்போ 24, 25ல நிக்குது. வாத்துச் சத்தம் முழுசாப் போகல, போகாது. குறைஞ்சிருக்கு.

ஒரு நாள் அந்தப் பேப்பர்ல ஜூலி வரிசைக்குப் பக்கத்துல இன்னொரு வரிசை இருந்துச்சு. அப்பா கையெழுத்து. தன்னோட இருமலை எண்ணி எழுதியிருந்தார். நான் எதுவும் கேக்கல. அடுத்த வாரம் அவரே, "எனக்கும் ஒரு நெஞ்சு எக்ஸ்ரே எடுத்துடலாமா?"ன்னு கேட்டார். எடுத்தோம். பயப்படுற மாதிரி ஒண்ணும் இல்ல. ஆனா நிறுத்தச் சொல்லியிருக்காங்க. இன்னும் முழுசா நிறுத்தல. முன்ன ஒரு நாளைக்குப் பத்து, இப்போ மூணு. எண்ணிக்கை இன்னும் ஃபிரிட்ஜ்ல ஓடிட்டு இருக்கு.

அவ்வளவுதான் மக்களே. இன்னைக்கு ராத்திரி உங்க நாய் தூங்கினதும் 30 வினாடி எண்ணுங்க. அப்புறம் வீட்டைச் சுத்தி ஒரு நடை போய், என்னெல்லாம் எரியுதுன்னு பாருங்க. பட்டியல் எவ்வளவு நீளம்னு எங்களுக்கு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்.